டிக்கெட்டில் இல்லாத விலை

முன்பெல்லாம் ஒருத்தர் ஆப்பிரிக்கா போகிறேன் என்றால், 'ஏம்ப்பா, அங்கே ஏதாவது வேலை கிடைச்சிருக்கா?' என்றுதான் கேட்போம். இப்போது கேள்வி மாறிவிட்டது. 'எத்தனை நாள்? சிங்கம் பார்க்கலாமா?' என்கிறோம். சிங்கப்பூர், மலேசியா எல்லாம் முடித்தாயிற்று. பாலிசி முதிர்ந்த பணம் கையில் இருக்கிறது. ஆபீஸில் ஒரு வாரம் லீவு கிடைக்கும். அதில் நாலு ராத்திரி காட்டுக்கு. இப்படி ஓர் ஆசை நம் நடுத்தர வீடுகளின் கூடத்துக்குள் மெல்ல வந்து உட்கார்ந்திருக்கிறது. நல்ல ஆசைதான்.

முதல் தடவை, அதுவும் கொஞ்ச நாள் என்றால், பெரும்பாலும் திட்டம் போய் நிற்கிற இடம் தென் ஆப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்கா. ஜோஹன்னஸ்பர்க்கில் இறங்கி கார் எடுத்தால் சுமார் ஐந்து மணி நேரத்தில் தெற்குப் பக்க வாசல் ஒன்றுக்குப் போய்விடலாம். பூங்கா என்றதும் பெஞ்சும் சுண்டலும் ஞாபகத்துக்கு வந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். இதன் பரப்பு கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டை ஏழு பங்கு போட்டால் ஒரு பங்கைவிடப் பெரிசு.

போகிற பருவம் மே முதல் செப்டம்பர் வரை. அங்கே அது குளிர்காலம், மழை கிடையாது. புல் காய்ந்து உயரம் குறைந்திருக்கும். தண்ணீர் சில இடங்களில்தான் மிஞ்சும் என்பதால் மிருகங்கள் அங்கே வந்தே தீரணும். ஆப்பிரிக்காதானே என்று பருத்திச் சட்டையோடு போய்விடாதீர்கள். ஜூலை மாசம் விடியற்காலையில் திறந்த ஜீப்பில் உட்கார்ந்தால் பல் தந்தியடிக்கும். க்ரூகர் பக்கம் மலேரியா உண்டு, டாக்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். கைக்குழந்தை இருக்கிறதென்றால் மலேரியா இல்லாத பிலானஸ்பெர்க், மடிக்வே என்று வேறு காடுகள் இருக்கின்றன.

இதெல்லாம் எந்த டிராவல் ஏஜென்ட்டும் சொல்லிவிடுவார். அவர் சொல்லாத கணக்கு ஒன்று இருக்கிறது. அதைத்தான் பேசப்போகிறேன்.

சஃபாரிக்குத் திட்டம் போடுகிறவர்கள் எல்லோர் கையிலும் ஒரு பட்டியல் இருக்கும். 'பிக் ஃபைவ்'. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை. நாலு நாளில் ஐந்தையும் பார்த்தாக வேண்டும். மொத்தச் செலவை ஐந்தால் வகுத்து, 'ஒரு மிருகத்துக்கு இவ்வளவு ஆகுதுடா' என்று கணக்குப் பார்க்கிற ஆளும் உண்டு. அந்தப் பட்டியலில் ஒட்டகச்சிவிங்கி ஏன் இல்லை? வரிக்குதிரை ஏன் இல்லை? எருமைக்கு எப்படி இடம் கிடைத்தது?

காரணம் எளிது. பட்டியல் போட்டவர்கள் வேட்டைக்காரர்கள். நடந்துபோய்ச் சுடுவதற்கு எந்த ஐந்து மிருகம் மிக ஆபத்தானதோ, அந்த ஐந்து. நாம் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு கேமராவைத் தூக்கிக்கொண்டோம். பட்டியலை மட்டும் கைமாற்றி வாங்கிக்கொண்டோம்.

பட்டியலோடு அந்த அவசரமும் கூடவே வந்துவிட்டது. சாலையோரத்தில் ஒரு சிறுத்தை தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மணியில் இருபது, முப்பது கார் வந்து நெருக்கியடிக்கும். பின்னால் நிற்கிறவர் எட்டிப் பார்க்க, முன்னால் நிற்கிறவர் நகர மறுக்க, கோயம்பேடு மாதிரி ஆகிவிடும். சிறுத்தை அங்கே வந்தது நமக்கு முகம் காட்ட அல்ல. ஒரு மான் மீது கண் வைத்து மணிக்கணக்காகப் பதுங்கி வந்திருக்கலாம். நம் கூச்சலில் மான் ஓடிவிட்டால், அன்று ராத்திரி சிறுத்தைக்குச் சாப்பாடு இல்லை. நம் ஒரு போட்டோவுக்கு அது கொடுத்த விலை அது. எந்த ரசீதிலும் வராது.

இன்னொன்று, ஜோஹன்னஸ்பர்க் பக்கத்தில் அரை நாள் மிச்சம் இருந்தால், 'சிங்கக்குட்டியைத் தூக்கிக் கொஞ்சலாம், பாட்டிலில் பால் கொடுக்கலாம்' என்று சில இடங்களுக்குக் கூட்டிப்போவார்கள். குழந்தைகள் குதிக்கும். அந்தக் குட்டி ஏன் தாயிடம் இல்லை என்று ஒரு நிமிஷம் யோசித்தால் போதும். பண்ணையில் பிறந்த குட்டியைச் சில நாளிலேயே தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள். வளர்ந்தபின் அதை மடியில் வைத்துக் கொஞ்ச முடியாது. காட்டிலும் விட முடியாது, மனுஷனைக் கண்டு பயப்படாத மிருகம். அப்படி வளர்ந்த சிங்கங்களில் பல, தப்பி ஓட வழியில்லாத வேலிக்குள் காசு கொடுத்துச் சுடுகிறவர்களுக்குப் போயிருக்கின்றன. கொஞ்சினது நாம். நம் பங்கு எவ்வளவு?

மிருகங்களோடு இது முடிந்துவிட்டால் பரவாயில்லை. முடியவில்லை.

க்ரூகரில் மிகப் பெரிய முகாமின் பெயர் ஸ்குகூசா. விமான நிலையமே அந்தப் பெயரில் இருக்கிறது. ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து நேராகப் பறந்து போகிறவர்களின் டிக்கெட்டில் அச்சாகி வரும். அழகான ஆப்பிரிக்கப் பெயர், ஏதோ மரமோ பறவையோ போலிருக்கிறது என்று நினைப்போம்.

அது ஒரு மனிதருக்கு வைத்த பட்டப்பெயர். ஜேம்ஸ் ஸ்டீவன்சன் ஹாமில்டன், இந்தக் காட்டின் முதல் பாதுகாவலர். 1902ல் வேலைக்கு வந்தார். 1946 வரை இருந்தார். வேட்டைக்காரர்கள் சுட்டுத் தீர்த்திருந்த காட்டை மறுபடி மிருகங்களால் நிரப்பியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு, மறுக்கவே முடியாது. ஆனால் காட்டைக் காப்பாற்ற அவர் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, அதற்குள் குடியிருந்த ஆப்பிரிக்கர்களை வெளியே அனுப்பியது. அந்த மக்கள் வைத்த பெயருக்கு அர்த்தம், 'பெருக்கித் தள்ளியவர்'. கோபத்தில் வைத்தார்களோ, வியப்பில் வைத்தார்களோ, பெயர் ஒட்டிக்கொண்டது. பெருக்கப்பட்டவர்களின் நினைவுக்கு அங்கே இருக்கிற கல்வெட்டு என்று பார்த்தால், முதல் கல்வெட்டு இந்தப் பெயர்தான்.

1926ல் தேசியப் பூங்கா ஆனது. 1927ல் டூரிஸ்டுகள் வர ஆரம்பித்தார்கள். அந்த வருஷம் வந்தவை மூன்றே மூன்று கார்கள். இன்றைக்கு வருஷத்துக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் போகிற இடம். போகிற எல்லோரும் திரும்பி வந்து சொல்வது ஒன்றேதான். 'மனுஷக் காலடி படாத காடு சார்!'

காலடி பட்ட காடுதான். அந்தக் காலடிகளை அழித்துவிட்டு நமக்குக் காட்டுகிறார்கள்.

அழிக்கிற வேலை ஸ்டீவன்சன் ஹாமில்டனோடு நிற்கவில்லை. க்ரூகரின் வடக்கு முனையில் லுவுவு, லிம்போபோ என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவில் மகுலேகே என்ற மக்கள் இருந்தார்கள். 1969ல் நிறவெறி அரசு, பூங்காவை விரிவாக்க வேண்டும் என்று சொல்லி சுமார் 3,000 பேரை அங்கிருந்து கிளப்பியது. துப்பாக்கி முனையில், தங்கள் குடிசைகளுக்குத் தாங்களே தீ வைக்கச் சொன்னார்களாம். அந்தத் தலைமுறைப் பெரியவர்கள் சொல்லிவந்திருப்பது இது. வீட்டை இழப்பது ஒன்று. தன் கையாலேயே கொளுத்துவது வேறு.

இது க்ரூகரின் தனிக்கதையும் இல்லை. நமீபியாவின் எடோஷாவிலிருந்து 1954ல் ஹாயோம் மக்களை வெளியேற்றினார்கள். போட்ஸ்வானாவில் நடு கலஹாரியிலிருந்து சான் மக்களை வெளியேற்றியது தவறு என்று அந்த நாட்டு உயர் நீதிமன்றமே 2006ல் சொன்னது. தென்பகுதி ஆப்பிரிக்காவின் சஃபாரி வரைபடத்தில் விரலை வைத்தால், பல இடங்களில் அடியில் ஒரு ஊர் இருக்கிறது.

இப்போது கேள்விக்கு வருவோம். யாரோ கொடுத்த விலையில் உருவான அழகை, நாம் நிம்மதியாக ரசிக்கலாமா?

'சார், இப்படிப் பார்த்தால் உலகத்தில் எதையுமே ரசிக்க முடியாது. தாஜ்மஹாலைப் பார்க்க முடியுமா?' என்பீர்கள். நியாயம். 'நான் போகலேன்னா அந்த மக்களுக்கு வீடு திரும்பக் கிடைச்சிடுமா?' அதுவும் நியாயம். சொல்லப்போனால், எல்லோரும் போகாமல் இருந்தால் காட்டுக்குத்தான் ஆபத்து. தென் ஆப்பிரிக்க தேசியப் பூங்காக்களின் வருமானத்தில் பெரும்பகுதி நம்மைப் போல் வருகிறவர்களால் வருவது. காவலர்களுக்குச் சம்பளம் அதிலிருந்துதான். 2014ல் மட்டும் அந்த நாட்டில் 1,215 காண்டாமிருகங்களைக் கொம்புக்காகக் கொன்றார்கள். காசு வராத காட்டில் யார் காவல் நிற்பார்கள்? ஆகவே, 'பாவம் ஒட்டாமல் இருக்க நான் வீட்டிலேயே இருக்கிறேன்' என்பது சுத்தமான பதில் இல்லை. அது கையைக் கழுவுவது.

குற்ற உணர்ச்சியாலும் பிரயோஜனம் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. குற்ற உணர்ச்சி நம்மைப் பற்றியே யோசிக்க வைக்கும். 'நான் நல்லவனா, கெட்டவனா' என்று கண்ணாடி முன் நிற்க வைக்கும். இரண்டு நாள் உறுத்தும், மூன்றாம் நாள் மறந்துபோகும். கடன் என்று நினைத்துப் பாருங்கள், யோசனையே மாறிவிடுகிறது. கடன் என்றால் உடனே அடுத்த கேள்வி வரும். யாருக்கு? எவ்வளவு? எப்படிக் கொடுப்பது? நான் வாங்காத கடன்தான். ஆனால் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காற்று வாங்குகிறவன் நான்.

கடனை அடைக்க வழி இருக்கிறதா? மகுலேகே மக்களே ஒரு வழி காட்டினார்கள். நிறவெறி ஆட்சி போனபின் வழக்குப் போட்டார்கள். 1998ல் 20,000 ஹெக்டேருக்கு மேல் நிலம் அவர்கள் பெயருக்குத் திரும்பி வந்தது. உடனே திரும்பிப்போய் வீடு கட்டியிருக்கலாம், உழுதிருக்கலாம். கட்டவில்லை. நிலம் எங்களுடையது, காடு காடாகவே இருக்கட்டும், அங்கே லாட்ஜ் நடத்துவதில் எங்களுக்குப் பங்கும் வேலையும் வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டார்கள். பெருக்கித் தள்ளப்பட்டவர்கள், அதே காட்டின் சொந்தக்காரர்களாக விருந்தாளியை வரவேற்கிறார்கள். நமீபியாவிலும் 1996ல் வந்த சட்டத்தால், கிராமத்து மக்கள் கூடி அமைப்பு ஏற்படுத்தி, தங்கள் நிலத்து வனவிலங்குகளால் வரும் வருமானத்தைத் தாங்களே நிர்வகிக்கலாம். அப்படி 80க்கும் மேற்பட்ட அமைப்புகள் இருக்கின்றன. எல்லாம் சொர்க்கமாகிவிடவில்லை. பங்கு பிரிப்பதில் சண்டை எங்கேதான் இல்லை? ஆனால் பங்கு என்று ஒன்று இருக்கிறது.

இங்கேதான் சிக்கல். மகுலேகே நிலம் வடக்குக் கோடியில் இருக்கிறது. தெற்கிலிருந்து ஒரு நாள் பயணம். பறவைகளும், மஞ்சள் பட்டை மரங்களும், பெருத்த பாவோபாப் மரங்களும் அங்கே விசேஷம். ஆனால் ஐந்து மிருகப் பட்டியலில் டிக் அடிக்க வேண்டுமென்றால் தெற்கு க்ரூகர்தான் சுலபம். இருப்பதோ நாலு ராத்திரி. ஆசைப்பட்டது சிங்கத்துக்கு. கடனுக்காகச் சிங்கத்தை விட்டுக்கொடுப்பதா?

நான் என்ன சொல்வேன் என்றால், முழுசாக விட்டுக்கொடுக்க வேண்டாம். முதல் தடவை போகிற குழந்தையிடம் 'சிங்கம் வேண்டாம், மரம் பார்' என்று சொன்னால் அது நம்மை மன்னிக்காது. இரண்டு ராத்திரி தெற்கே, இரண்டு ராத்திரி வடக்கே என்று பிரிக்கலாம். அது முடியாது, பாதி நாள் காரிலேயே போய்விடும் என்றால், தெற்கிலேயே தங்குங்கள். ஆனால் இடம் புக் பண்ணுகிறதுக்கு முன்னால் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். இங்கே வேலை செய்கிறவர்களில் எத்தனை பேர் பக்கத்துக் கிராமத்து ஆட்கள்? லாபத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டா? ஒரு மிருகத்தைச் சுற்றி எத்தனை வண்டி நிற்க விடுவீர்கள்? நல்ல இடங்களில் பதில் நறுக்கென்று வரும். மழுப்பினால், அதுவும் பதில்தான்.

அப்புறம், கைடிடம் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். 'சிறுத்தை கிடைக்கலேன்னா பரவாயில்லை. அதைத் துரத்த வேண்டாம்.' டிப்ஸ் போய்விடுமோ என்ற பயத்தில் அவரும் நமக்காகத்தான் நெருங்கிப் போகிறார். அந்த பயத்தை நாம் எடுத்துவிட்டால் அவருக்கும் நல்லது, சிறுத்தைக்கும் நல்லது. அன்றைக்கு ஐந்தில் மூன்றுதான் கிடைத்தது என்றால், நாம் கொடுத்த காசு காட்டுக்குள் நுழைவதற்குத்தான் என்பதை நினைத்துக்கொள்ளலாம். காட்சிக்கு விலைப்பட்டியல் கிடையாது.

சாயங்காலம் ஜீப்பை நிறுத்தி டீ கொடுப்பார்கள். அந்த நேரத்தில் கைடிடம், 'ஸ்குகூசான்னா என்ன அர்த்தம்?' என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்து ஊர்க்காரராக இருந்தால் அர்த்தம் சொல்வார். பெருக்கித் தள்ளப்பட்ட ஏதோ ஒரு வீட்டின் பேரனாகக்கூட அவர் இருக்கலாம். சொல்லி முடித்தபின் கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல், அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருங்கள்.