யாரைக் கேட்டு?

அன்று மூன்றாம் மாடிக்குக் கான்கிரீட் போடும் நாள். காலையிலேயே இளம் பொறியாளரிடம் சொல்லிவிட்டேன்: "இன்னிக்கு சைட் உன் பொறுப்பும்மா. எது சரின்னு படுதோ, செய்." சொல்லி முடித்ததும் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

மதியம் மூன்றாவது ரெடிமிக்ஸ் லாரி வந்திருக்கிறது. பொறியாளர் கலவையைக் கூம்பில் அடுக்கடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 25 குத்து குத்தி, கூம்பை மெல்லத் தூக்கிப் பார்த்திருக்கிறார். 120 மில்லிமீட்டர் இறங்க வேண்டிய கலவை 190 இறங்கிவிட்டது; இந்த இறக்கத்தைத்தான் ஸ்லம்ப் என்போம். வழியில் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். டிரைவர் கெஞ்சியும் கேட்காமல் லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

நான் போனபோது பம்ப் சும்மா நின்றது. ஏற்கெனவே போட்ட கான்கிரீட் இறுகத் தொடங்கினால் அந்த இடத்தில் மூட்டு விழும் என்ற பதற்றம் வேறு. "யாரைக் கேட்டும்மா அனுப்பின?" என்று கத்தினேன். ஆட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஸ்லம்ப் 190 சார்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அவர் செய்தது சரி. தண்ணீர் கூடினால் வலு குறையும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் என் வாயில் முதலில் வந்த கேள்வி கான்கிரீட்டைப் பற்றியது அல்ல, என்னைப் பற்றியது.

மறுநாளிலிருந்து போன் ஓயவில்லை. "கவர் பிளாக் இது போதுமா சார்?" "மேஸ்திரி நாலு மணிக்குக் கிளம்பலாமான்னு கேக்கறார் சார்." பொறுப்பைக் கொடுக்க எனக்கு ஒரு காலைப்பொழுது பிடித்தது. பிடுங்கிக்கொள்ள ஒரு கேள்வி போதுமாக இருந்தது.

அமெரிக்காவில் ஃப்ரீமான்ட் நகரக் கார் ஆலையின் கதை அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடிய ஆலை அது. 1984இல் டொயோட்டாவோடு கூட்டாக மறுபடி திறந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்கள்தான். முன்பு அங்கே லைனை நிறுத்துவது பெருங்குற்றம். இப்போதோ தலைக்கு மேல் ஒரு கயிறு. பிழை கண்டவர் இழுத்தால் விளக்கெரியும், குழுத்தலைவர் ஓடி வருவார். கார் அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் சரியாகாவிட்டால் லைன் நிற்கும்.

எல்லோரும் அந்தக் கயிற்றைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு ஓடி வரும் ஆளைப் பற்றித்தான் யோசனை. வந்தவர் "யாரைக் கேட்டு இழுத்தே?" என்று ஒரே ஒருமுறை கேட்டிருந்தால், அந்தக் கயிறு துணி காயப்போடத்தான் ஆகியிருக்கும்.

அடுத்த கான்கிரீட்டின்போது போன் வந்தது. "இந்த லாரி 180 காட்டுது சார்."

"நீ என்னம்மா நினைக்கிற?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "திருப்பிடலாம்னு தோணுது சார்."

"திருப்பிடு."

நிம்மதியாக போனை வைக்கப்போனேன். அந்தப் பக்கத்திலிருந்து தயங்கித் தயங்கி ஒரு குரல்: "பதிவேட்டுல, நீங்க சொன்னதா எழுதிக்கட்டுமா சார்?"