ஒரு நோய்க்கு எத்தனை நியாயம்?

கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே, வத்தலக்குண்டுப் பாதையும் பழனிப் பாதையும் பிரியும் இடத்தில் இருக்கிறது பெருமாள்மலை. அங்கே காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்களுக்கு மார்பில் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். இருவருடைய நோயும் ஏறக்குறைய ஒரே கட்டம். ஒருத்தி ஒரு பாதையில் இறங்கி ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். மற்றவள் அடுத்த பாதையில் இறங்கி வேறோர் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். அறுவைச் சிகிச்சைக்குப் பின் முதல் பெண்ணுக்கு ஐந்து வாரம் கதிர்ச் சிகிச்சை. 'கரண்டு வைப்பது' என்று நம் ஜனங்கள் சொல்கிறார்களே, அதுதான். இரண்டாமவளுக்கு மூன்றே வாரம். ஊர் திரும்பியதும், "எனக்குக் கொறச்சலா வச்சு அனுப்பிட்டாங்களாக்கா?" என்று ஒருத்தி அஞ்சுவாள். "என்னை எதுக்கு இத்தனை நாள் அலைய வச்சாங்க?" என்று மற்றவள் குமைவாள்.

இவர்களில் அநீதி இழைக்கப்பட்டவள் யார்?

அவசரப்பட்டு வைத்தியர்களைக் குற்றம் சொல்லிவிட முடியாது. உடல் ஏற்கும் கதிரின் அளவைக் 'கிரே' என்கிறார்கள். 50 கிரேயை 25 தவணைகளில் கொடுப்பது நெடுநாளைய வழக்கம். 15 தவணைகளில் 40 கிரே கொடுப்பது அதற்குக் குறைந்ததல்ல என்று பிரிட்டிஷ் ஆராய்ச்சி 2008இல் காட்டியது. 2020இல் அதே நாட்டார், ஒரே வாரத்தில் 5 தவணைகளாக 26 கிரே கொடுத்தும் ஐந்தாண்டுப் பலன் குறையவில்லை என்று கண்டார்கள். அறிவு வளரும்போது எல்லா ஆஸ்பத்திரிகளும் ஒரே நாளில் மாறிவிடமாட்டா. அன்றியும் கட்டியின் அளவு, அக்குளில் நோய் பரவியிருப்பது, வயது எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. எல்லோருக்கும் ஒரே அளவில் சட்டை தைப்பது சமத்துவம் ஆகாது.

ஆனால் உடலைப் பார்த்துப் பிறக்காத வேற்றுமைகளும் உண்டு. பெருமாள்மலையிலிருந்து மதுரை ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். சிகிச்சை இலவசமாகவே கிடைத்தாலும், ஐந்து வாரக் கூலியை யார் தருவார்கள்? ஆரம்பக் கட்டத்தில் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர் கொடுத்தாலும், மார்பு முழுவதையும் அகற்றினாலும் ஆயுளில் வித்தியாசமில்லை என்பது அமெரிக்காவில் இருபது ஆண்டுகள் கவனித்து 2002இல் வெளியிட்ட முடிவு. இருந்தும், தினம் வந்து போக முடியாதவளுக்கு மார்பு முழுவதையும் எடுத்துவிடுவதே பத்திரம் என்று வைத்தியர் நினைக்கலாம். அவர் நினைப்பதில் கருணையும் இருக்கலாம். ஆனால் அந்த மார்பை அவள் நோய்க்குக் கொடுக்கவில்லை, தூரத்துக்குக் கொடுத்தாள்.

நியாயமான வேற்றுமை எது, அநியாயமானது எது என்று பிரிக்க எனக்கு ஒரே ஓர் அளவுகோல்தான் தெரிகிறது. அதன் காரணத்தை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? "உன் கட்டி பெரிது" என்று சொல்லலாம். "எங்கள் இயந்திரத்துக்கு முன்னால் காத்திருப்போர் அதிகம்" என்றுகூடச் சொல்லலாம். அதற்காக வெட்கப்பட வேண்டியது சர்க்கார். ஆனால் "இங்கே வழக்கம் இதுதான்" என்பது காரணமே ஆகாது.

"படிக்காதவளுக்கு இதெல்லாம் புரியுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. 2023இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியைப் பாருங்கள். 65 வயதும் அதற்கு மேலும் ஆன, சிறிய கட்டியும் குறைந்த அபாயமும் உள்ள பெண்கள். கட்டியை எடுத்தபின் ஹார்மோன் சிகிச்சை பெற்றவர்கள். பத்தாண்டில், கதிர்ச் சிகிச்சை பெறாதவர்களில் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது, பெற்றவர்களில் ஒருவருக்கு. உயிர் வாழ்ந்தவர்களின் தொகையில் மட்டும் வித்தியாசமில்லை. பத்து பெரிதா, அலைச்சல் பெரிதா என்று எடை போட வேண்டியவர் யார்? எடையில் ஒரு கிலோ பழம் குறைந்தாலும் கங்காணியைக் கேட்கத் தெரிந்த கிழவிக்கு இந்தக் கணக்கு வராது என்று நான் நம்பமாட்டேன்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கியது. சிகிச்சை என்று ஒன்று நம் ஏழைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்பது அன்றையப் போராட்டம். அது இன்னும் முடியவில்லை. எனினும், சிகிச்சையோடு அதன் காரணத்தையும் சேர்த்துப் பெற அவர்களுக்கு உரிமை உண்டு. அதைக் கொடுக்க இயந்திரம் வேண்டாம். கால் மணி நேரமும், எதிரே ஒரு நாற்காலியும் போதும்.