ஞாயிற்றுக்கிழமைப் பந்தி



நமது பங்கின் சபையார் சிலர் மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் பூசை முடிந்தபின் ஒன்றாய்க் கூடி, தேனி நகரத்திலே ஓர் ஓட்டலில் பகற்சாப்பாடு சாப்பிட்டு வருகிறது உங்களுக்குத் தெரியும். நானும் பலமுறை அவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். அது நல்ல வழக்கமென்றே இப்பொழுதும் சொல்லுகிறேன். வாரமெல்லாம் வயலிலும் கடையிலும் உழைத்தவர்கள் ஆண்டவருடைய நாளிலே சிரித்துப் பேசிச் சாப்பிடுவதில் என்ன குற்றம்? சேசுநாதர் சுவாமியும் பலர் வீட்டுப் பந்தியிலே அமர்ந்தாரே.

ஆனால் சென்ற மாதம் நடந்த ஒரு காரியம் என் மனதை உறுத்துகிறது. அந்தச் சபையைச் சேர்ந்த ஒரு விதவைத் தாய், விடியுமுன் ஜீப் ஏறி மலைமேல் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவள், பூசை முடிந்ததும் தனியாய் வீட்டுக்குப் புறப்பட்டாள். “ஏனம்மா, சாப்பிட வரலையா?” என்று கேட்டேன். “இன்னைக்கு ஒருசந்தி, சாமி” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமையிலே ஒருசந்தி இல்லையென்பது ஞானோபதேசம் படிக்கிற சிறு பிள்ளைக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாதா? எனக்குத்தான் தெரியாதா? தெரிந்திருந்தும் நான் வேனில் ஏறிப் போனேன். இலையிலே சோறு விழுந்தபோதுதான் எனக்கு உறைத்தது. தலைக்கு இவ்வளவென்று வசூலிக்கிற பணம் அவளிடத்தில் இல்லை. இல்லையென்று சொல்ல வெட்கம். ஆகவே தன் பசிக்கு ஒருசந்தியென்று பேரிட்டுப் போய்விட்டாள். அன்று நான் உண்ட சோறு எனக்கு ருசிக்கவில்லை.

பிரியமானவர்களே, இது இன்று நேற்று உண்டான குறையல்ல. ஏறக்குறைய கி.பி. 55-ம் ஆண்டில் அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தின் 11-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். அக்காலத்திலே சபையார் கூடி உண்பதும் திவ்விய நற்கருணையும் ஒரே கூட்டத்தில் நடந்தன. உள்ளவர்கள் முந்திக்கொண்டு வயிறார உண்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு பார்த்திருந்தார்கள். அப்போஸ்தலர் கடிந்துகொண்டது எதை? உணவையல்ல, செலவையுமல்ல, இல்லாதவர்களை வெட்கப்படுத்தினதையே. பிற்பாடு, 197-ம் ஆண்டளவில், கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் என்பவர் கிறிஸ்தவர்களுடைய பந்தியை விவரித்தார். அங்கே முந்தி ஜெபம், பசியாறும் அளவுக்கு உணவு, எளியவர்களுக்கு ஆதரவு. அந்தப் பந்தியின் பெயரே அன்பு என்று பொருள்படும்.

கம்பம் பள்ளத்தாக்காருக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? 1895-ல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் தண்ணீர் மலையிறங்கி, கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று நம் வயல்களுக்குப் பாய்கிறது. தலைமடைக்காரன் தன் வயல் நிரம்பியபின்னும் மடையை அடைக்காதிருந்தால், கடைமடைக்காரனுடைய நாற்று கருகிப்போகும். தலைமடைக்காரன் எதையும் திருடவில்லை; கீழே ஒருவன் இருக்கிறானென்பதை மறந்தான், அவ்வளவே. நாமும் அப்படியே மறந்தோம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். முற்காலத்தில் நன்மை வாங்குகிறவர்கள் நடுச்சாமம் முதல் ஒன்றும் உண்ணாதிருந்தார்கள். 1957-ல் 12-ம் பத்திநாதர் பாப்பானவர் அதை மூன்று மணி நேரமாகவும், 1964-ல் 6-ம் சின்னப்பர் பாப்பானவர் ஒரு மணி நேரமாகவும் குறைத்தார்கள். நேரம் குறைந்தாலும் கருத்து மாறவில்லை: பணக்காரனும் கூலிக்காரனும் ஒரே பசியோடு ஒரே பந்திக்கு வருகிறோம். பூசைக்கு முன் எல்லோரும் ஒன்றாய்ப் பசித்திருந்துவிட்டு, பூசைக்குப் பின் சிலர் மாத்திரம் பசித்திருக்கலாமோ?

ஆகையால் சபையாருக்கு என் வேண்டுகோள் இது. ஓட்டலுக்குப் போகிற வழக்கத்தை விட்டுவிட வேண்டாம். ஆனால் ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் பந்தி நம் கோயில் வளாகத்திலேயே நடக்கட்டும். தென்சீமைக் கோயில்களில் திருநாள்தோறும் அசனம் நடக்கிறதல்லவா? அதுபோல அவரவர் வீட்டிலிருந்து அரிசியோ, பருப்போ, தோட்டத்து வாழைக்காயோ, ஒரு கட்டு விறகோ வரட்டும். ஒன்றும் கொண்டுவர இயலாதவர்கள் காய் நறுக்கட்டும், பரிமாறட்டும். யார் என்ன கொடுத்தாரென்று நோட்டில் எழுத வேண்டாம். ஓட்டலுக்குப் போகும் மாதத்திலே, இருக்கிறவர்கள் கூடுதலாய்ப் போடுங்கள்; யாருக்காக என்று ஒருவரும் கேட்க வேண்டாம். அங்கே நமக்குப் பரிமாறுகிற பிள்ளைகளுக்கு ஞாயிறு ஓய்வு இல்லையென்பதை நினைத்து, அவர்களிடம் அன்பாய்ப் பேசுங்கள். இலையில் சோற்றை மிச்சம் வைக்காதீர்கள்.

பகல் விருந்துக்கு யாரை அழைக்க வேண்டுமென்று நமது ஆண்டவரே அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 14-ம் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். திரும்ப நம்மை அழைக்கச் சக்தியில்லாதவர்களே அவருக்குப் பிடித்த விருந்தாளிகள்.

அந்தத் தாயிடம் நான் போய் மன்னிப்புக் கேட்டேன். வருகிற முதல் ஞாயிறு பந்தி நம் கோயில் வேப்பமரத்தடியிலே. அவளே முதல் இலை போடுவாள். எல்லோரும் வாருங்கள்.

பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் ஆசீர்வாதம் உங்கள் குடும்பங்கள் எல்லாவற்றின்மேலும் இருப்பதாக. ஆமென்.