ஊக்கமும் கடனும்

1

என் அக்கா மகன் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிறான். பொங்கல் லீவுக்கு வந்திருந்தவன் ஒரு ராத்திரி மொட்டைமாடியில் வைத்துச் சொன்னான்: "எதுக்காக இதுல சேந்தேன்னு ஞாபகமே வரமாட்டேங்குது மாமா."

நான் சொன்ன பதிலை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். "இன்னும் மூணு வருஷம்டா. பல்லக் கடிச்சிக்கிட்டு முடிச்சிரு. அப்புறம் நீ டாக்டர்." அவன் சிரித்தான். "அப்புறம் பி.ஜி. மூணு வருஷம் மாமா. அதுக்கு முன்னாடி மறுபடி நீட். அதுக்கும் மேல சூப்பர் ஸ்பெஷாலிட்டி மூணு வருஷம்."

கணக்கு சரிதான். எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம், ஹவுஸ் சர்ஜனாக ஒரு வருஷம், மேற்படிப்பு ஆறு. இடையில் ஒரு பரீட்சையும் தவறாமல் போனால் பதினொன்றரை வருஷம். பதினெட்டு வயதில் உள்ளே போகிறவன் முப்பதை ஒட்டி வெளியே வருகிறான்.

என் பதில் ஒரு வங்கிக் குமாஸ்தாவின் பதில். கல்விக் கடன் காகிதங்கள் என் மேஜை வழியாகப் போகின்றன. படிப்புக் காலம், அதற்குமேல் ஒரு வருஷம், பிறகு தவணை. அந்தக் காகிதத்தில் படிக்கிற வருஷங்களுக்கென்று தனி அர்த்தம் ஏதும் கிடையாது. தவணை தொடங்குவதற்கு முந்திய இடைவெளி, அவ்வளவுதான். அந்த இடைவெளியில் ஒருவன் விழித்து, பசித்து, பயந்து வாழ்ந்தாகவேண்டும் என்பது காகிதத்துக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்கும் தெரியவில்லை.

2

நீண்ட பாதையில் ஊக்கம் குன்றாமல் இருப்பது எப்படி என்று கேட்கப்படும்போதெல்லாம் தரப்படுகிற விடை ஒன்றே: முடிவை நினைத்துக்கொள். வெள்ளைக் கோட்டு, பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து, அப்பாவின் முகம். இது ஊக்கம் அல்ல, ஊக்கமருந்து. ஓட்டக்காரன் போட்டுக்கொள்வது மாதிரி. அந்தந்த வேளைக்கு வேலை செய்யும். அடுத்த வேளைக்கு அளவு கூட வேண்டும்.

இதிலுள்ள அபாயம் சோர்வு மட்டுமல்ல. முடிவின் சித்திரத்தை மட்டுமே பார்த்து நடக்கிறவனுக்கு வழியில் இருக்கிற எல்லாமே தடையாகிவிடுகிறது. மருத்துவப் படிப்பில் வழியில் இருப்பவர்கள் நோயாளிகள். பத்து வருஷம் அவர்களைத் தடையாகப் பார்த்துப் பழகிய கண், பதினோராவது வருஷம் திடீரென்று வேறு விதமாகப் பார்க்கும் என்று நம்ப நியாயமில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஊக்கம் போய்விட்டது என்கிறவனிடம் ஊக்கத்தை வளர்த்துக்கொள் என்று சொல்வதில் ஸ்தாபனங்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. தூங்கவிடாத டியூட்டியை, வார்டில் வைத்து அவமானப்படுத்துவதையே போதனை என்று நினைக்கும் ஆசிரியரை யாரும் கேள்வி கேட்கவேண்டியதில்லை. குறை மாணவனின் மனசில் இருப்பதாக முடிவாகிவிடுகிறது. சில சோர்வுகள் நோயேதான். அவற்றுக்கு வேண்டியது வைத்தியம், தத்துவம் அல்ல. நான் பேசுவது மிச்சமுள்ள சோர்வைப் பற்றி.

3

மருமகனின் வாக்கியம் சில நாள் கழித்து எனக்குச் செகாவை நினைவூட்டியது. 1879ல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்ந்து 1884ல் தேறியவர். அந்த ஐந்து வருஷமும் நகைச்சுவைப் பத்திரிகைகளுக்குத் துணுக்கும் கதையும் எழுதி, அந்தக் காசில் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1899ல், தம்மோடு படித்த ரோஸ்ஸோலிமோ கேட்டதற்காக எழுதிக்கொடுத்த சிறு சுயசரிதைக் குறிப்பில், மருத்துவத்தை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பது நினைவில்லை என்றும் பிறகு அதற்காக வருந்தியதில்லை என்றும் சொல்கிறார். காரணம் மறந்துபோன ஒருவர்தான் கடைசிவரை வைத்தியராகவும் இருந்தார். ஆகவே, தொடக்கத்திலிருந்த காரணத்தைத் தேடி எடுத்துத் தூசிதட்டினால் ஊக்கம் திரும்பிவிடும் என்ற எண்ணம் அவர் விஷயத்தில் பொருந்தவில்லை. அவரைத் தாங்கியது வேறு எதுவோ.

அது என்ன என்பதை அவர் போதனையாக எழுதவில்லை. அதன் எதிர்நிலையைக் கதையாக எழுதினார். 'ஆறாவது வார்டு' 1892ல் வெளிவந்தது. அதில் வரும் டாக்டர் ராகின் கெட்டவர் அல்ல. இளவயதில் தேவாலயப் படிப்புக்குப் போக விரும்பியவர். தகப்பன் கட்டாயத்தால் மருத்துவர் ஆனவர். ஊருக்கு வந்த புதிதில் காலையிலிருந்து உழைக்கிறார், அறுவை செய்கிறார், பிரசவம் பார்க்கிறார். பிறகு சலித்துப்போகிறது. இன்று முப்பது பேர் வந்தால் நாளை முப்பத்தைந்து பேர், சாவு குறையவில்லை, எனவே என்ன பயன்? இந்தக் கேள்வியோடு ஆஸ்பத்திரிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு, வீட்டில் பீரும் புத்தகமுமாக உட்கார்ந்துவிடுகிறார்.

ராகினுக்கு ஊக்கம் போனது ஒரு தத்துவத்தின் துணையோடு என்பதைக் கவனிக்கவேண்டும். நிம்மதி மனிதனுக்கு உள்ளே இருக்கிறது, கதகதப்பான படிப்பறைக்கும் பைத்திய வார்டுக்கும் வித்தியாசமில்லை என்று வார்டில் அடைபட்டிருக்கும் க்ரோமவிடமே வாதம் செய்கிறார். கடைசியில் அதே வார்டில் அவரையே அடைக்கிறார்கள். காவல்காரன் நிகீத்தா அடிக்கிறான். அந்த வலியில்தான் அவருக்கு உறைக்கிறது: இருபது வருஷத்துக்கு மேலாக இங்கிருந்தவர்கள் இதே வலியை நாள்தோறும் பட்டிருக்கிறார்கள், தனக்கு அது தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. மறுநாள் இறந்துபோகிறார்.

ராகினின் பிழை லட்சியம் இல்லாதது அல்ல. லட்சிய அளவுகோல் அவரிடம் நிறையவே இருந்தது. சாவு விகிதத்தை வைத்து வாழ்க்கையை அளந்தார். வாசலில் நின்ற முப்பத்தைந்தாவது ஆள் அவருக்கு ஓர் எண்ணாகவே இருந்தான்.

இந்தக் கதை வந்த 1892ல்தான் காலரா பயம் பரவியது. மெலிஹோவாவில் குடியேறியிருந்த செகாவ் இருபத்தைந்து கிராமங்கள், நாலு ஆலைகள், ஒரு மடம் ஆகியவற்றின் பொறுப்பைச் சம்பளம் வாங்காமல் ஏற்றுக்கொண்டார். உற்சாகமாகச் செய்தார் என்று நினைக்கவேண்டாம். அலுப்பையும் களைப்பையும், எழுத நேரமில்லாத எரிச்சலையும் கடிதங்களில் கொட்டியிருக்கிறார். ராகினின் சலிப்பு அவருக்கும் தெரிந்த சலிப்பு. ஒருவர் உட்கார்ந்துவிட்டார், மற்றவர் வண்டியேறிப் போனார்.

4

மருமகன் அன்று இன்னொன்றும் சொன்னான். நான் என் பதிலைச் சொல்லும் அவசரத்தில் அதைக் கேட்டும் கேட்காமலும் விட்டுவிட்டேன். வார்டில் மண்ணீரல் வீங்கிய பெரியவர் ஒருவர். மாணவர்களுக்கு நல்ல 'கேஸ்'. காலையிலிருந்து பன்னிரண்டு பேர் வயிற்றை அழுத்திப் பார்த்தாயிற்று, இவன் பதிமூன்றாவது. "நான் கேக்கறதுக்கு முன்னாடியே அவரே சட்டையத் தூக்கிட்டாரு மாமா. நான் தொடாம வந்துட்டேன்." தனக்கு ஊக்கம் போய்விட்டதற்கு அத்தாட்சியாகத்தான் அவன் இதைச் சொன்னான்.

எனக்கு இப்போது அது நேர்மாறாகத் தெரிகிறது. ராகினுக்கு இருபது வருஷம் தெரியாமலிருந்தது இவனுக்கு மூன்றாம் வருஷத்திலேயே தெரிந்துவிட்டது. அவன் சோர்வு என்று நினைத்தது வெட்கம். அந்த வெட்கம் ஒரு கடனின் முதல் அறிவிப்பு.

மருத்துவப் படிப்பு பிறர் உடம்பின்மேல் நடக்கிற படிப்பு. முதல் வருஷம் அறுத்துப் படிக்கிற உடல்களில் சில, சொந்தக்காரர்கள் மனமுவந்து கொடுத்தவை. சில, யாரும் உரிமை கோராததால் சட்டப்படி கல்லூரிக்கு வந்தவை. அந்த மனிதனிடம் யாரும் கேட்கவில்லை. பிறகு வார்டில் உயிரோடு இருப்பவர்கள். வேறு போக்கிடம் இல்லாததால் சட்டையைத் தூக்குகிறவர்கள். பதிமூன்றாவது கை தொடுவதால் பெரியவரின் மண்ணீரல் குறையப்போவதில்லை. அந்தக் கை கற்றுக்கொள்வது, எங்கோ பின்னால் வரப்போகிற இன்னொருவனுக்காக. கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுக்க முடியாத கடன் இது. எங்கள் மேஜையில் இதற்கு லெட்ஜர் கிடையாது.

நீண்ட பாதையில் ஒருவனை நிறுத்தக்கூடியது இந்தக் கடனுணர்ச்சிதான் என்று எனக்குப் படுகிறது. முடிவின் சித்திரம் தூரப்போகப் போக மங்கும். கடன் ஒவ்வொரு நாளும் கூடுகிறது. இதற்கு உற்சாகம் தேவையில்லை. அலுப்போடும் செய்யலாம். தொடாமல் வந்துவிட்டதும் தீர்வு அல்ல. கற்காத கை நாளைக்கு இன்னொருவனைக் கொல்லும். உட்கார்ந்து, பெயர் சொல்லி, அனுமதி கேட்டு, கையைத் தேய்த்துச் சூடாக்கித் தொட்டிருக்கலாம். அவர் மாட்டேன் என்றால் எழுந்து வந்திருக்கலாம்.

கடன் என்றதும் அடிமைச்சாசனம் என்று அர்த்தமா? இல்லை. கீட்ஸ் லண்டன் கைஸ் மருத்துவமனையில் 1815ல் சேர்ந்து, 1816 ஜூலையில் தொழில்செய்யும் உரிமைக்கான பரீட்சையில் தேறி, சீக்கிரத்திலேயே அதை விட்டார். கடைசியாகச் செய்த அறுவை சுத்தமாகவே முடிந்தும், அப்போது தன் மனசு போன போக்கை எண்ணிக் கத்தியை மறுபடி எடுக்கவில்லை என்று அவர் நண்பர் பிரவுன் எழுதிவைத்திருக்கிறார். அதுவும் எதிரே படுத்திருந்தவனுக்குக் காட்டிய மரியாதைதான். பாதையை விட்டு விலகுவதில் குற்றமில்லை. உள்ளேயே இருந்துகொண்டு பார்க்காமல் இருப்பதுதான் குற்றம். எழுத்திலும் இதே கதைதான் என்பதை நம் வட்டத்துக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

சென்ற வாரம் போனில் அந்தப் பெரியவரைப் பற்றிக் கேட்டேன். டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விட்டாராம். பெயர் என்ன என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. படுக்கை எண் நினைவிருக்கிறது என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னதே போதும் என்று தோன்றியது.

"கேஸ் ஷீட்டுல இருக்கும் மாமா, பாக்கறேன்" என்றான்.