விலை கொடுத்து வாங்கும் உபசாரம்



விடுமுறை முடிந்து திரும்பிய குடும்பங்கள் தாங்கள் கண்டுவந்த கேளிக்கைப் பூங்காக்களைப் பற்றிப் பேசுவதைச் சில ஞாயிறுகளாகக் கேட்டு வருகிறேன். ராட்டினத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. தலை சுற்றாதவர்கள் ஏறிக்கொள்ளட்டும். ஆனால் அங்கே வேஷமணிந்தவர்கள் பரிமாறும் சாப்பாட்டு விடுதிகளைக் குறித்துக் குடும்பத் தலைவர் ஒருவர் கேட்ட கேள்வி அற்பமானதல்ல. "சுவாமி, காசு வாங்கிக்கொண்டு, சொந்தக்காரர்போல 'வாருங்கள், இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கள்' என்கிறார்களே, அது பொய்தானே? அதை விலை கொடுத்து வாங்குகிற நாமும் அதற்கு உடந்தைதானே?" என்றார்.

அவர் வட இந்தியச் சுற்றுப்பயணத்தில் போய்வந்த இடம், ஜெய்ப்பூருக்குத் தெற்கே டோங்க் சாலையில் உள்ள 'சோக்கி தானி'. நல்ல குக்கிராமம் என்று பொருள். ஒரு ராஜஸ்தான் கிராமத்தையே கட்டி வைத்து, பொம்மலாட்டம், ஒட்டகச் சவாரி எல்லாம் காட்டுகிறார்கள். நுழைவுச் சீட்டிலேயே சாப்பாட்டுக் காசும் அடக்கம். தலைப்பாகை கட்டியவர்கள் நெய்யை ஊற்றி, "இன்னும், இன்னும்" என்று வற்புறுத்துவார்கள். விருந்தாளியை இப்படி வற்புறுத்தி உண்ணச் செய்வதற்கு அந்த நாட்டில் 'மனுஹார்' என்று பெயர். கடைக்காரர் கண்டுபிடித்ததல்ல, வீடுகளில் நெடுங்காலமாக உள்ள பழக்கம்.

இவ்வகை இடங்களுக்கெல்லாம் பெரிய முன்மாதிரி அமெரிக்காவில், கலிபோர்னியாவின் அனஹைம் நகரில், 1955 ஜூலையில் வால்ட் டிஸ்னி திறந்த டிஸ்னிலாந்து. அதற்குள் 1967இல் 'புளூ பாயூ' என்ற விடுதி ஏற்பட்டது. கூரைக்குள்ளேயே ஒரு சதுப்புநில நீரோடையை அமைத்து, வெளியே உச்சி வெயில் கொளுத்தினாலும் உள்ளே எப்போதும் அந்திப்பொழுதாகவே தோன்றும்படி விளக்கு வைத்திருக்கிறார்கள். மின்மினிகளும் செயற்கையே. சாப்பிடுகிறவர்களின் பக்கத்தில் படகுகள் மிதந்து போகும். (பிச்சாவரத்து அலையாத்திக் காட்டை அருகில் வைத்துக்கொண்டு ஒருநாளும் அங்கே படகேறாத சிதம்பரத்துக்காரர்கள் உண்டு, அது வேறு விஷயம்.) அந்தப் பூங்காவில் வேலை செய்கிறவர்களை நாடகக் குழுவினர் என்றும், காசு கொடுத்து வருகிறவர்களை விருந்தினர் என்றும் அழைப்பது நிர்வாகத்தின் வழக்கம்.

இந்தச் சொல் வழக்கிலேயே கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது. அர்ச். அகுஸ்தீன் பொய்யைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பொய் விஷயத்தில் அவரைவிடக் கண்டிப்பானவர் அரிது. அவரே விளையாட்டாகச் சொல்வதைப் பொய்க் கணக்கில் சேர்க்கவில்லை. சொல்லும் தொனியே அது விளையாட்டு என்று காட்டிவிடுகிறது என்கிறார். கூத்தில் அரிச்சந்திரனாக வருகிறவர் அயோத்தியின் அரசரல்லர் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் ஏமாறவில்லை. தலைப்பாகைக்காரரும் அப்படியே. ஆகையால் நண்பர் அந்தச் சந்தேகத்தை விட்டுவிடலாம்.

ஆனால் விஷயம் இத்தோடு தீரவில்லை. கூத்துக்காரருக்கும் இவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கூத்துக்காரர் ஆடிமுடித்து வேஷத்தைக் கலைத்தால் நாம் அவரை மனிதராகப் பார்த்துப் பேசுகிறோம். இவரோ வேஷத்தோடேயே தட்டைச் சுமக்கிறார், மேசையைத் துடைக்கிறார். நம் ஊர்ச் சிற்றுண்டிச் சாலையில் பரிமாறுகிறவரோடு சண்டையும் போடுவோம், அவர் பெண்ணின் கலியாணத்தையும் விசாரிப்போம். அங்கேயோ அவர் சுவரில் தீட்டிய சித்திரத்தோடு சேர்ந்துவிடுகிறார். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னை போனவர்கள் வி.ஜி.பி. பூங்காவில் காவலாள் உடையில் அசையாமல் நின்ற சிலை மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரைச் சிரிக்கவைக்க நம்மவர்கள் செய்யாத சேட்டையில்லை. அது அவருடைய தொழில்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எத்தனை பேர் அவருக்குக் கால் வலிக்குமே என்று நினைத்தோம்?

நம் பங்கைச் சேர்ந்த ஒரு வயதான தாயை, அமெரிக்காவிலுள்ள மகன் அந்த அந்திப்பொழுது விடுதிக்கு அழைத்துப் போனாராம். எல்லோரும் மின்மினியைப் பார்க்க, அம்மாள் மட்டும் பரிமாறிய பெண்ணைக் காட்டி, "இது எத்தனை மணிக்குச் சாப்பிடும்?" என்று கேட்டிருக்கிறார்கள். மகனுக்கு வெட்கம். அம்மாள் விடவில்லை. கேட்டுச் சொன்னார், மூன்று மணிக்காம். "நாள் முழுக்க இருட்டிலேயே நிற்கிறதே, மூன்று மணியானது அதற்கு எப்படித் தெரியும்?" என்றார்களாம். நமக்கு ஒரு மணி நேர அழகாக இருக்கும் அந்தி, அந்தப் பெண்ணுக்கு வேலை நேரம் முழுவதும் நீளுகிறது என்பதை அவர்கள் ஒருவர்தாம் கண்டார்கள்.

காசு கொடுத்துவிட்டால் கணக்கு வாசலிலேயே தீர்ந்துபோகிறது. அதுதான் அதன் சௌகரியம். காசில்லாத சோற்றுக்குக் கணக்குத் தீர்வதில்லை. நம் பக்கத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வடலூரில் இராமலிங்க சுவாமிகள் 1867 மே 23ஆம் தேதி தருமசாலையைத் தொடங்கியபோது மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. உண்பவர் எந்தச் சாதி, எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது, பரங்கிப்பேட்டை முஸ்லிம் ஜமாஅத்தார் சுற்றுவட்டாரத்து மீனவ மக்களுக்கு உணவு சமைத்துப் போட்டார்கள். அன்று அங்கே உண்டவர்கள் அந்தக் கடனை எந்தச் சீட்டைக் கொடுத்துத் தீர்ப்பார்கள்?

அப்படியானால் காசுக்குக் கிடைக்கும் உபசாரம் இழிவா? இல்லை என்றே சொல்வேன். கேள்வி கேட்ட நண்பரிடம், "உங்கள் வீட்டம்மாள் என்ன சொன்னார்கள்?" என்று விசாரித்தேன். "அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது சுவாமி. யாரோ ஒருவன் மூன்று தடவை 'போதுமா, போதுமா' என்று கேட்டுப் போட்டானாம். அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல வருஷங்களாக எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் அடுப்படியில் அடிச்சட்டியை வழித்து உண்கிற ஒரு பெண்ணை, உட்காரவைத்து, "இன்னும் கொஞ்சம்" என்று சொல்ல, சம்பளத்துக்கு நிற்கும் ஒரு அந்நியர் ஜெய்ப்பூரில் கிடைத்திருக்கிறார். அவர் சொன்னது வேஷமாகவே இருக்கட்டும். அந்த வார்த்தையை வேஷமில்லாமல் சொல்ல வேண்டியவர்கள் நாலு பேர் அதே பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்குப் போனதும் கரண்டியைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பாருங்கள். தாய் முதலில் உட்காரட்டும். ரசம் கொஞ்சம் சிந்தும். துடைப்பதும் பிள்ளைகளின் வேலையே. தகப்பனார் அப்பளம் பொரிக்கட்டும். கருகினால் அம்மாள் குறை சொல்லலாம். சோக்கி தானியில் காசு கொடுத்தவர்களுக்கு உள்ள உரிமை அவர்களுக்கும் உண்டு.