அழிக்கும் முன்



நம் முன்னோர் இந்நாட்டில் கடை வைத்த காலத்தில் கணக்கு என்றால் பேரேடுதான். அதில் ஒரு தாளைக் கிழிப்பது நாணயக் கேடு. இன்று பேரேட்டின் பாதி இமெயிலில் இருக்கிறது. சரக்கு, விலை, பாக்கி, தவணை எல்லாம் அதில்தான் எழுதிக்கொள்கிறோம். பெட்டி நிறைந்தால் மட்டும் யோசிக்காமல் அழித்துவிடுகிறோம். இது முறைதானா?

சட்டம் தெளிவாக இருக்கிறது. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி வியாபாரக் கணக்கையும் அதற்குரிய ஆதாரங்களையும் 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் இருப்பவை, கேட்டால் எடுத்துக் காட்டும்படி இருக்க வேண்டும். சரக்குக் கடனுக்கு வழக்குப் போட 1953ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் தருவது 6 ஆண்டுகள். அப்படியானால் 7 ஆண்டுகள் கழிந்ததும் பொறுப்பு முடிந்துவிட்டதா?

கம்போங் மேடானில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும்தான் என் படிப்பு. சென்ற ஆண்டு என் மகன், "அத்தா, பழைய இமெயிலை எல்லாம் அழிச்சிடலாமா?" என்று கேட்டான். பார்த்துவிட்டு அழிப்போம் என்று உட்கார்ந்தேன். 2014இல் கிள்ளான் வியாபாரி ஒருவருக்கு நான் எழுதியது கண்ணில் பட்டது: அரிசி பாக்கி 1,850 வெள்ளி, அடுத்த மாதம் தருகிறேன் என்று. தந்ததற்குக் கணக்கில் ஓர் அடையாளமும் இல்லை. அவரோ மௌத்தாகிவிட்டார். அவர் வீட்டார் ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்றிரவு ஷைத்தான் என்னிடம் நன்றாக வாதாடினான். வரிக் கெடு முடிந்தது, வழக்குக் கெடுவும் முடிந்தது, ஒரு தட்டுத் தட்டினால் சாட்சியும் முடிந்தது என்றான். குர்ஆனின் மிக நீளமான வசனம் நினைவுக்கு வந்தது. அது சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். கடனை எழுதி வைக்கும் முறையைச் சொல்வது. வாசகத்தைச் சொல்லி எழுதவைக்கும் பொறுப்பை அது கடன் வாங்கியவன் மீதே வைக்கிறது. அப்படியானால் அந்த இமெயில் என் வாக்குமூலம், அவர்களுடைய ஹக்கு. மறுவாரம் கிள்ளானுக்குப் போய் வாரிசுகளிடம் பணத்தைக் கொடுத்தேன். அந்த அம்மாள், "இப்படி ஒரு பாக்கி இருந்ததே எங்களுக்குத் தெரியாதே, தம்பி" என்றார். எனக்குத் தலை குனிந்தது.

ஆகவே சகோதரர்களே, கெடு முடியும்வரை எதையும் அழிக்காதீர்கள். வழக்கோ விசாரணையோ நடந்தால் கெடு முடிந்த பிறகும் அழிக்காதீர்கள். அழிக்கும் நாளில், நமக்கு வர வேண்டியதைத் தேடும் அதே கண்ணால் நாம் கொடுக்க வேண்டியதையும் தேடுங்கள்.

மற்றொன்று. வேலையாட்கள், வாடிக்கைக்காரர்களின் அடையாளக் கார்டு நகல்கள் நம்மிடம் அமானத்தாக இருப்பவை. தேவை முடிந்தபின் அவற்றை அழித்துவிட வேண்டும் என்பது 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பிறர் ஹக்கைக் காட்டும் தாளை மறைப்பதும் குற்றம். பிறர் அந்தரங்கத்தைத் தேவையின்றி வைத்திருப்பதும் குற்றம்.

சட்டத்தின் கெடு முடியலாம். கொடுத்தாலன்றிக் கடன் முடியாது.