பொதுவெளியும் கொடாததைக் கொள்ளாமையும்

மட்டாஞ்சேரியின் கடைத்தெருவில் ஒரு முறை நடந்தவர்க்கு, அவ்வூரில் வெற்றிடம் எத்துணை அரிது என்பது விளங்கும். ஒரு பக்கம் காயல். மறு பக்கம் பண்டகசாலைகள். இடையே இரண்டு வண்டிகள் எதிர்ப்பட்டால் ஒன்று நின்று வழிவிட வேண்டிய தெரு. 1555இல் போர்த்துக்கீசியர் கட்டிக்கொடுத்த அரண்மனையும், 1568இல் எழுந்த யூதர் ஜெபாலயமும், கொங்கணியர், குஜராத்தியர், தமிழர் முதலிய பல மொழியினரின் இல்லங்களும் வழிபாட்டிடங்களும் அங்கே நெருங்கி நிற்கின்றன. ஆகவே, மாலையில் சற்றுக் காற்று வாங்க விரும்புவோர் மேற்கே கோட்டைக் கொச்சியை நோக்கிச் செல்கின்றனர். பரேட் மைதானமும், ‘வெளி’ என்றே பெயர் பெற்ற பகுதியின் மைதானமும், சீன வலைகள் நிற்கும் கரையும், கடல் அரித்தது போக எஞ்சிய சிறு மணற்பரப்புமே அம்மக்களுக்கு முற்றமும் தோட்டமும் ஆகும்.

அத்தகைய மணலில் ஒரு மாலைப்பொழுதை நினைத்துப் பார்ப்போம். முதியவர் ஒருவர் கடலை நோக்கி அமர்ந்திருக்கிறார். ஒரு தாய் தன் குழந்தையை நடைபழக விடுகிறாள். அவ்வேளையில் இரண்டு இளைஞர்கள் மோட்டார் சைக்கிளை மணலில் இறக்கி, வட்டமிட்டுச் சுழற்றி ஓட்டுகின்றனர். தாய் குழந்தையை வாரி எடுத்துக்கொள்கிறாள். முதியவர் எழுந்து போகிறார். இளைஞர்கள் ஒருவரையும் ஏசவில்லை, ஒருவரையும் இடிக்கவுமில்லை. அவர்கள் வேண்டியது மகிழ்ச்சி ஒன்றே. ஆயினும் அவர்களுடைய மகிழ்ச்சி தொடங்கிய இடத்தில் மற்றையோரின் மகிழ்ச்சி முடிந்துவிட்டது. இதில் குற்றம் உண்டா? உண்டெனில் அது யாது? இதுவே நாம் இங்கு ஆராயப் புகும் வினா.

இவ்வழக்கு கொச்சிக்கு மட்டும் உரியதன்று. வடக்கே கண்ணூர் மாவட்டத்து முழப்பிலங்காட்டில், ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள கடற்கரையில், ஈரமணல் இறுகிக் கிடப்பதனால் மோட்டார் வண்டிகளை அலையோரமாகவே ஓட்டிச் செல்ல இடமளிக்கப்பட்டுள்ளது. நீராடுவோரும், நடப்போரும், வண்டியோட்டுவோரும் ஒரே மணலைப் பங்கிடுகின்றனர். கிழக்கே இடுக்கி மலைகளில், இக்காலத்தார் ‘ஆஃப் ரோடு’ என்று வழங்கும் பாதை விட்ட வண்டியோட்டம் ஒரு பெருங் கேளிக்கையாக வளர்ந்துள்ளது. 2022 மே மாதம் வாகமண் அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இத்தகைய ஜீப்போட்டம் நடந்தபோது, அது மாவட்ட ஆட்சியரின் தடைக்கு மாறானது என்று வழக்குப் பதிவாயிற்று. மோட்டார் வாகனத் துறையும் நடவடிக்கை எடுத்தது.

இத்தகைய வழக்கில் எளிதாகச் சொல்லப்படும் தீர்ப்பு ஒன்றுண்டு. இருவரும் குடிமக்கள், இருவருக்கும் சம உரிமை, ஆகவே இருவரும் ஒரே வேளையில் அனுபவிக்கட்டும் என்பதே அது. கேட்பதற்கு நீதியாகத் தோன்றும் இத்தீர்ப்பில் ஒரு குறை மறைந்துள்ளது. அமைதியாக அமர்ந்திருப்பவரால் வண்டியோட்டுபவருக்கு நேரும் இழப்பு சிறிது. ஓட்டுபவரால் அமர்ந்திருப்பவருக்கு நேரும் இழப்போ முழுமையானது. ஓசை அமைதியினுள் புகும். அமைதி ஓசையினுள் புகாது. ஒரு பானை நீரில் ஒருவர் தாகம் தீர்க்கவும் மற்றொருவர் சாயம் கரைக்கவும் சம உரிமை அளித்தால், சாயம் கரைப்பவர்க்கே பானை முழுவதும் போய்விடும். எண்ணிக்கையில் சமமாக இருப்பது பயனில் சமமாக இராது.

நிலத்திற்கும் இது பொருந்தும். நடப்பவர் மிதித்த புல் பெரும்பாலும் சில நாளில் நிமிரும். சரிவில் ஏறும் ஜீப்பின் சக்கரமோ புல்லை வேரோடு பெயர்க்கிறது. பாரத்தால் மண்ணை இறுக்குகிறது. அச்சுவடு மழைக்காலத்தில் ஓடையாகி, மேல்மண்ணை அடித்துச் செல்கிறது. ஒரு நாளைய கேளிக்கையின் வடு பல பருவங்கள் நிற்கும். அவ்விடத்துக்கு நாளை வருபவரும், அங்கு வாழும் சிற்றுயிர்களும் அக்கேளிக்கைக்கு உடன்பட்டவர் அல்லர்.

நாம் திரிசரணம் அடைந்து பஞ்சசீலம் ஏற்றவர்கள். அவற்றுள் இரண்டாம் சீலம் கொடாததைக் கொள்ளாமை என்பதாகும். இதனைப் பொருள் திருடாமை என்று மட்டும் நாம் சுருக்கிக்கொள்வதுண்டு. ஆயினும், கொடுக்கப்படாதது எதுவாயினும் அதனை எடுத்தல் கூடாது என்பதே அதன் விரிந்த பொருள். முதியவரின் மாலைப்பொழுது அவ்விளைஞர்க்குக் கொடுக்கப்பட்டதன்று. குழந்தையின் அச்சமற்ற நடையும் கொடுக்கப்பட்டதன்று. அவற்றை அவர்கள் பையில் இட்டுச் செல்லவில்லை. ஆயினும் உரியவரிடமிருந்து அவை போய்விட்டன. இழந்தவர் இருக்கும்போது, எடுத்தவர் இல்லை என்று சொல்வது எங்ஙனம்?

இவ்வளவில் நிறுத்தினால் நம் கட்டுரை பாதி உண்மையோடு முடிந்துவிடும். ஏனெனில், அமைதி, தூய்மை, ஒழுங்கு என்னும் சொற்களை நம் முன்னோர் வேறொரு குரலிலும் கேட்டிருக்கின்றனர். ‘இவ்வழியே வாராதே, எம் தூய்மை கெடும்’ என்று சொன்னவர்களும் தம் அமைதியைக் காப்பதாகவே சொன்னார்கள். கொச்சியிலேயே, நிலத்தில் கூட்டம் கூட இடம் மறுக்கப்பட்ட புலையர் மக்கள், 1913இல் பண்டிதர் கறுப்பன் முதலியோரின் முயற்சியால், வள்ளங்களை ஒன்றோடொன்று பிணைத்துக் காயல் நீரின்மேல் கூடினர். மண்ணில் பொதுவெளி இல்லாதவர் தண்ணீரில் பொதுவெளி கண்ட நிகழ்ச்சி அது. கொச்சிக்குத் தெற்கே வைக்கத்தில், கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடப்பதற்காகவே 1924, 1925ஆம் ஆண்டுகளில் சத்தியாக்கிரகம் நடைபெற்றது. 1927இல் அண்ணல் அம்பேத்கர் மகாடில் பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகியதும் இவ்வுரிமைக்காகவே.

இன்னும் ஒன்று. 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் வில்வண்டி பூட்டிச் சென்றார். அன்று அவ்வண்டியின் ஓசை சிலருடைய செவிக்கு நாராசமாய் இருந்திருக்கும். அவர்களுடைய மன அமைதி குலைந்தது உண்மையே. ஆகவே, ‘வண்டியின் ஓசை என் அமைதியைக் கெடுக்கிறது’ என்னும் முறையீடு ஒவ்வொன்றும் நீதியானதன்று. நாம் அதனை எவரினும் நன்கு அறிவோம்.

அப்படியானால் அய்யன்காளியின் வண்டிக்கும் மணலில் சுழலும் மோட்டார் சைக்கிளுக்கும் வேறுபாடு என்ன? அய்யன்காளி சாலையை எவரிடமிருந்தும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் சென்ற பின்னரும் சாலை எல்லோருக்கும் முன்போலவே பயன்பட்டது. ஒருவர் இழந்தது தாம் மட்டும் உரியவர் என்னும் செருக்கை மட்டுமே. செருக்கு எவருக்கும் கொடுக்கப்பட்ட சொத்தன்று. மணலில் சுழலும் வண்டியோ, தான் ஓடும் வேளையில் அவ்விடத்தை மற்றவர்க்குப் பயன்படாததாக ஆக்கிவிடுகிறது. முன்னது பொதுவெளியில் நுழைதல். பின்னது பொதுவெளியைக் கவர்தல். பொதுக்குளத்தில் நீர் அருந்தாதே என்று தடுத்தவனும் பொதுவெளியைக் கவர்ந்தவனே. ஆகவே, ஒதுக்குபவனும் விரட்டுபவனும் மீறுவது ஒரே சீலத்தைத்தான் என்க.

இதிலிருந்து ஒரு உரைகல் நமக்குக் கிடைக்கிறது. குறை கூறுபவர் குறை கூறுவது ஒரு செயலையா, அன்றி ஒரு மனிதரையா என்று பார்க்க வேண்டும். ‘இப்புழுதி என் குழந்தையின் கண்ணில் விழுகிறது’ என்பது முறையீடு. ‘இத்தகையோர் இங்கு வருவதே பிடிக்கவில்லை’ என்பது முறையீடன்று. பழைய தீண்டாமை புதிய சட்டை அணிந்து வருவதே அது. மேலும், அமைதியை வேண்டுவோர் ஓய்வுள்ள செல்வர் மட்டுமே என்று எண்ணுவதும் பிழை. கோட்டைக் கொச்சியின் வெளிப் பகுதியில், தமிழ்நாட்டிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் வழிவழியாக உழைத்து வருகின்றன. டச்சுக்காரர் காலத்தில் அவர்தம் முன்னோர் அங்கு வந்தனர் என்பது வழிவழிச் செய்தி. திறந்த வெளியில் கொடி கட்டித் துணி உலர்த்தும் அவர்களைப் போன்றோர்க்குப் புழுதியற்ற காற்று ஆடம்பரமன்று; அதுவே அன்றாடக் கூலி.

இவ்வினாவிற்குப் புத்த பகவானின் காலத்திலேயே ஒரு முன்னோடி உண்டு. பிக்குகள் மழைக்காலத்திலும் ஊர் ஊராகச் சென்றபோது, அவர்கள் பசும்புல்லை மிதிப்பதாகவும், சிற்றுயிர்கள் பல அழிவதாகவும் மக்கள் குறை கூறினர் என்று வினய பிடகம் உரைக்கிறது. பிக்குகள் கேளிக்கைக்காகச் செல்லவில்லை; தம்மத்திற்காகவே சென்றனர்; அதுவும் கால்நடையாகச் சென்றனர். ஆயினும், நோக்கம் தூயது என்று பகவான் வாதாடவில்லை. மழைக்கால மூன்று மாதங்கள் ஓரிடத்தில் தங்குமாறு வஸ்ஸ நெறியை விதித்தார். அந்நெறியிலும் இரக்கம் இருந்தது. நோயுற்றவரைக் காணுதல் முதலிய தக்க காரணம் நேர்ந்தால் ஏழு நாள் வரையில் வெளியே சென்று மீள இடமளித்தார். பகவான் நடத்தலையே தடுத்துவிடவில்லை. காலமும் அளவும் வகுத்தார். தேவை ஒன்று; விருப்பம் வேறு என்பதையும் பிரித்துக் காட்டினார்.

மற்றொரு வரலாறும் உண்டு. கோசிங்க சாலவனத்தில் அனுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்னும் மூவர் அமைதியாக வாழ்ந்திருந்தனர். ஒரு நாள் பகவான் அங்கு வந்தபோது, அவரை இன்னார் என்று அறியாத வனக்காவலன், உள்ளே இருப்பவர்க்கு இடையூறு செய்யாதீர் என்று தடுத்தான். பகவான் சினங்கொண்டதாகச் செய்தி இல்லை. அனுருத்தரோ அதனைக் கேட்டு, வந்தவர் தம் ஆசான் என்று கூறி உள்ளே வரவிடச் செய்தார். இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. பிறர் அமைதியைக் காக்கும் காவல் மரியாதைக்குரியது. வருபவர் எத்துணைப் பெரியவராயினும் அது பொருந்தும். அமைதியில் இருப்பவரோ, வருபவரை வரவேற்கும் மனத்தோடு இருத்தல் வேண்டும்.

இனி நடைமுறைக்கு வருவோம். மூணாற்றை அடுத்த இரவிகுளம், வரையாடுகளின் புகலிடமாக 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கு செல்வோர் தம் வண்டிகளை நிறுத்திவிட்டு, வனத்துறையின் பேருந்தில் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் செல்கின்றனர். வரையாடுகள் குட்டி ஈனும் காலத்தில் பூங்கா மூடப்படுகிறது. நடக்கவியலாத முதியவரும் மலையைக் காண முடிகிறது. வரையாட்டிற்கும் வாழ்வு இருக்கிறது. மக்கள் இதனை வஸ்ஸம் என்று அழைப்பதில்லை. ஆயினும் காலமும் அளவும் வகுக்கும் அதே அறமே இங்கும் காணப்படுகிறது.

ஆகவே நாம் கூறுவது இது. முதலாவது, ஓசையும் வேகமும் உடையவரே முதலில் விலகிக்கொள்ளல் வேண்டும். ஏனெனில் இடையூறு அவர்பக்கத்திலிருந்தே பாய்கிறது. இரண்டாவது, அவர்களுக்கும் ஓரிடம் வேண்டும். இளைஞரின் துணிவும் திறமையும் இழிவானவை அல்ல. ஏற்கெனவே குலைந்து கிடக்கும் நிலத்தில், குடியிருப்பிற்கும் நீரூற்றிற்கும் தொலைவில் ஓரிடம் ஒதுக்காமல் தடை மட்டும் விதிப்பது பங்கீடாகாது. மூன்றாவது, மலைப்பகுதியில் ஜீப் ஓட்டிப் பிழைப்பவரையும், பொழுதுபோக்கிற்காகச் சரிவை உழுபவரையும் ஒரே தட்டில் நிறுத்தலாகாது. பேருந்து எட்டாத தோட்டங்களில் நோயாளியையும் பள்ளிப் பிள்ளையையும் சுமப்பது அந்த ஜீப்பே. அவ்வோட்டுநரின் கூலியைப் பறிக்கும் விதி, மாற்று வழியையும் உடன் காட்டுதல் வேண்டும். நான்காவது, எந்த விதியும் செயலைக் கட்டுப்படுத்துவதாக இருத்தல் வேண்டும். ஆளைப் பார்த்து வாயிலை அடைப்பதாக இருத்தல் ஆகாது.

இறுதியாக, பிறருக்கு உரைத்ததை நமக்கும் உரைத்துக்கொள்வோம். வைசாகப் பௌர்ணமியிலும், ஏப்ரல் 14 அன்றும் நாம் ஊர்வலம் செல்கிறோம். ஒரு காலத்தில் தெருவில் நடக்கவும் இடமில்லாதவர், கொடியேந்தித் தெரு நடுவே செல்வது பெருமைக்குரியது. அதனை எவர் பொருட்டும் விட வேண்டுவதில்லை. ஆயினும், நம் இளைஞர் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயைக் கழற்றிவிட்டு முழங்கச் செய்வதும், இரவு நெடுநேரம் ஒலிபெருக்கியை அலறவிடுவதும் அப்பெருமையின் பகுதிகளா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வொலி நம்மை ஒடுக்கியவனின் மாளிகையை எட்டுமுன்னர், அடுத்த வீட்டில் காய்ச்சலில் கிடக்கும் நம் சகோதரியின் பாயை எட்டிவிடுகிறது. அவளுடைய உறக்கத்தை அவள் நமக்குக் கொடுத்தாளா?

பொதுவெளி என்பது எவருக்கும் உரியதன்று என்று சிலர் எண்ணுவர். அவர்கள் அதனைப் பாழாக்குவர். தமக்கே உரியது என்று சிலர் எண்ணுவர். அவர்கள் அதனை அடைப்பர். எல்லோருக்கும் ஒருங்கே கொடுக்கப்பட்டது என்று எண்ணுபவர் மட்டுமே, தம் பங்கை எடுத்துக்கொண்டு மற்றவர் பங்கை விட்டுவைப்பர். நெடுங்காலம் பங்கின்றி நின்றவர்கள் நாம். பங்கு கிடைத்த இந்நாளில், இன்னும் பங்கு பெறாத முதியவரையும் குழந்தையையும் பேசவியலாச் சிற்றுயிரையும் மறவாதிருப்போமாக. அதுவே நாம் ஏற்ற சீலத்திற்கு அழகு.